தோட்டாவின் வாய்

ஹமில்டன், நியூசிலாந்து
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குலேந்திரன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வீட்டுச் சொந்தக்காரன் லிஃப்டைத் திருத்திவிட்டானா, இல்லை இன்னும் படியேறித்தான் போகிறீர்களா? தொலைபேசியில் கேட்டால் "என்ன, என்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் கடிதமே நல்லது.

அம்மாவின் திவசத்துக்கு இந்த முறையும் வரமுடியாமல் போய்விட்டது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் பார்ப்போம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துவக்குக் கழகத்துக்குப் போவது உங்களுக்குத் தெரியும். உயிர் ஒன்றையும் சுடுவதில்லை. மெசின் வானத்தில் எறிகிற களிமண் தட்டைச் சுட்டு உடைப்பது, அவ்வளவுதான். சுட்டு முடிந்த தோட்டாவின் வெறும் கோதை வீட்டிலேயே திரும்ப நிரப்ப இங்கே சட்டம் இடம் தருகிறது. லைசன்ஸ் இருக்கிறது, கராஜில் மேசையும் போட்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் கோதின் வாயை நட்சத்திரம் போல மடித்துத்தான் மூடினேன். இப்போது பழைய முறையில் ஆசை வந்துவிட்டது. வெடிமருந்து, அடைப்பு, ஈயச் சன்னம் எல்லாம் போட்டு, மேலே ஒரு வட்ட அட்டை வைத்து, கோதின் விளிம்பை உள்ளுக்குச் சுருட்டி விடுவது. நீங்கள் செய்தது போல. அதற்கென்று ட்ரில்லில் பூட்டுகிற தலை ஒன்று வாங்கினேன். சுருட்டும்போது அழகாகத்தான் வருகிறது. அடுத்த நாள் பார்த்தால் வாய் ஆவென்று திறந்து, பெட்டியெல்லாம் சன்னம்.

நீங்கள் சுருட்டியதில் ஒன்றுகூடத் திறந்ததாக நினைவில்லை. அது எப்படி அக்கா? நீங்கள் கையால் சுற்றிச் சுருட்டிய அந்தப் பித்தளை மெசின் இன்னும் இருக்கிறதா? ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

சுபோதினி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னா. மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

அன்புத் தம்பி
குலேந்திரன்


சிவமயம்
வெள்ளவத்தை, கொழும்பு 06
9 பெப்ரவரி 2024

தம்பி குலேந்திரனுக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். லிஃப்ட் திருத்தவில்லை. நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

திவசம் நடந்தது. "ஆண்பிள்ளை வரேல்லையோ?" என்று ஐயர் கேட்டார். "தூரத்தில இருக்கிறார்" என்றேன். "போன முறையும் அப்பிடித்தானே சொன்னனீங்கள், அங்கயிருந்து பிளேன் ஓடுறேல்லையோ?" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நீ கலியாணம் செய்வதற்கு முன் ஒரு ஜனவரிகூடத் தவறவிடாதவன். ரெஜிஸ்டர் பண்ணி ஃபோட்டோ அனுப்பிய பிறகு இரண்டு தரமும் வரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காரணத்தின் பெயர் எனக்குத் தெரியும். ஃபோட்டோவில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறது.

தோட்டாவுக்கு வருகிறேன். பிழை உன் ட்ரில்லில் இருக்கிறது. அது சுவரில் ஓட்டை போடுகிற சாமான். வாய் சுருட்டுவதற்கு அவசரம் கூடாது. அட்டைக்கு மேலே உன் சுண்டுவிரல் நகத்தின் அளவு விளிம்பு நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் பிடிக்காது, கூடினால் பாவாடைச் சுருக்கம் போல நெளியும். உள்ளே அடைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பார். அடைப்பு மெத்தென்று இருந்தால் அட்டை கீழே போகும், அட்டை போனால் விளிம்புக்கு உட்கார இடம் இல்லை. முன்பு நட்சத்திரமாக மடித்த கோதென்றால் மடிப்பு விழுந்த பகுதியை அறுத்து எறி. மடிந்து பழகிய விளிம்பு சுருளாது. பிறகு மெதுவாகச் சுற்று, மெதுவாகக் கீழே அமத்து. விளிம்பு வளைகிறதைக் கை உணர்ந்ததும் அமத்துவதை விட்டுவிட்டுச் சும்மா சுற்று. சூடு ஏற விடாதே. சூடு ஏறினால் விளிம்பு கெட்டுப் போகும்.

இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அப்பா அந்த மெசினை வாங்கினாரே தவிர, அதோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல் பெட்டியிலேயே வைத்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிற்பாட்டி வீட்டில் இருந்த நான்தான் கோதுகளைக் கெடுத்துக் கெடுத்துப் பழகினேன். வயலுக்கு வந்த பன்றியை அப்பா சுட்டார், பிறகு நீ சுட்டாய். சுட்ட தோட்டா முழுக்க என் கையால் வந்தது. என் கையில் துவக்கை ஒரு நாளும் தரவில்லை.

மெசின் இருக்கிறது. ஊரை விட்டு வந்தபோது உடுப்பை விட்டுவிட்டு அதைத்தான் கொண்டு வந்தேன். யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன். தேவை என்றால் வந்து எடு.

அக்கா
நாகேஸ்வரி


ஹமில்டன்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இங்கே வெயில் குறையத் தொடங்கிவிட்டது, உங்களுக்கு அங்கே வேர்த்துக் கொட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நீங்கள் சொன்னது ஒன்றையும் விடாமல் செய்தேன். மடிப்பை அறுத்தேன். விளிம்பை நகத்தளவு விட்டேன். அடைப்பை இறுக்கினேன். ட்ரில்லை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, சூடே ஏறாமல் சுருட்டினேன். முந்தியைவிட நேராக வந்தது. ஆனாலும் அடுத்த நாள் திறந்துவிட்டது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுபோதினி சொன்னா, "இது பிளாஸ்டிக்கெல்லோ. மச்சாள் சொல்லுறது கடதாசிக் கோதுக்கு. பிளாஸ்டிக் சூடு கண்டாத்தான் வளைஞ்ச மாதிரி நிக்கும்" என்று. ட்ரில் தலையை விளிம்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிட்டு, சூடு பிடித்ததும் ட்ரில்லை நிறுத்தி, எடுக்காமல் அப்படியே அமத்தி வைத்து ஆறவிட்டா. அது திறக்கவில்லை. ஒரு கிழமை ஆகிறது, இன்னும் திறக்கவில்லை.

ஒன்றின் வாய்ப்பகுதியை மட்டும் அறுத்து இதோடு வைத்திருக்கிறேன். வெறும் பிளாஸ்டிக் வளையம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கை களைத்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

தம்பி
குலேந்திரன்


சிவமயம்
வெள்ளவத்தை
28 மார்ச் 2024

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய், குடிக்கிறேன்.

நீ அனுப்பிய வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெலிவு. அது சுருட்டு இல்லை, உருக்கி ஒட்டினது. என்னிடம் அப்படி ஒன்று வந்தால் அப்பாவின் கண்ணில் படமுன் எறிந்துவிடுவேன். அவ என்ன தையல்காரியா, இஸ்திரிப் பெட்டியா வைத்திருக்கிறா, சூடு காட்ட? பக்கத்தில் நின்று பார்த்தாவாம், உடனே கண்டுபிடித்தாவாம். நான் எத்தனை வருடம் சுருட்டினேன் என்று அவவுக்குச் சொன்னாயா?

இங்கே சும்மா இருக்கவில்லை. காலி வீதிக் கடையில் மின்கம்பி இழுக்கிற பிளாஸ்டிக் குழாய் வாங்கி, துண்டு துண்டாக அறுப்பித்து, அடியைத் துணியால் அடைத்து, மருந்துக்கும் சன்னத்துக்கும் பதிலாகப் பயறு போட்டு, மேலே கலண்டர் அட்டை வைத்து, மெசினைக் குசினி மேசையில் பூட்டிச் சுருட்டினேன். நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன், கடைக்காரனிடம் குழாயின் தரத்தைக் கேட்க. வாசலில் காவலுக்கு இருக்கிறவன் பையைப் பார்த்துவிட்டான்.

"அம்மே, மே மொனவத?" என்று சிங்களத்தில் கேட்டான். என்ன இது என்று.

"முங்" என்றேன். பயறு.

"முங்? பட்டே?" குழாய்க்குள்ளேயா என்று ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கினான். பிறகு தான் உட்காருகிற கதிரையில் அதை மெதுவாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். நான் எடுத்து, விளிம்பை நகத்தால் கிண்டி, அவன் உள்ளங்கையில் பயறைக் கொட்டிக் காட்டினேன். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். இந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ்க் கிழவி குழாய்க்குள் எதையோ அடைக்கிறாள் என்று கதை போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். காலி வீதியில் பொலிஸ் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். எல்லாம் உன் தோட்டாவுக்காக.

குழாய் திறந்ததா திறக்கவில்லையா என்று கேட்காதே. இங்கே விற்கிற குழாய் மட்டம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அப்பா ஒருநாள் வெளியே போயிருந்தபோது நான் துவக்கை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று இரவு அப்பா என்னை அடித்தார், உன்னை அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சுடப் பழக்கினார். நீ காட்டிக்கொடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை நீ. ஆனால் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

அக்கா


ஹமில்டன்
30 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நாங்கள் சுகம்.

பயறு விஷயத்தை வாசித்துச் சிரித்தோம், பிறகு பயந்தோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு எனக்குச் சரிவராது. வெறும் கடதாசிக் கோது ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். அதற்கு உங்கள் முறைதான் சரி, கையால், மெதுவாக. ட்ரில் எனக்கு இனி வேண்டாம். அதனால் அந்த மெசின் தேவை அக்கா. எங்களுக்குத் தெரிந்த பிரதீஸ் என்ற பொடியன் ஜூலையில் கொழும்புக்கு வருகிறான், கொட்டாஞ்சேனையில் அவனுடைய மாமா வீடு. அவனிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல பொடியன்.

நாள் நன்றாகப் போகிறது. போன ஞாயிறு கழகத்தில் போட்டி. சுபோதினி தட்டுகளில் பாதிக்கு மேல் உடைத்துவிட்டா. வந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

தம்பி
குலேந்திரன்


சிவமயம்
வெள்ளவத்தை
20 மே 2024

குலேந்திரனுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை எழுதியிருக்கிறாய், அது உன்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது கடைசிப் பந்தியில் நின்றுவிட்டேன். சுபோதினி உடைத்துவிட்டா. எதால்? கல்லாலா? துவக்கால் என்று நீ எழுதவில்லை, ஆனால் வேறு எதால் உடைப்பது. அப்போ அவவின் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டாய். அவ வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவ தோளில் வைக்கலாம், கைதட்டு வாங்கலாம். நான் ஒரு பெட்டி தோட்டா சுருட்டிக் கொடுத்தால் கதவடியில் நின்று வெடிச் சத்தத்தை எண்ணவேண்டும், அது எனக்கு.

இரண்டாம் தரம் எழுத்தைப் பார்த்தேன். அது உன் எழுத்து இல்லை. உன் "அ" எனக்குத் தெரியாதா, கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். இது உருண்டை உருண்டையாக, அடக்கமாக, வாத்திச்சி எழுத்து. மார்ச் மாதக் கடிதத்தில் எழுத்து கோணல் மாணலாக இருந்தது, அவசரத்தில் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. அக்காவுக்கு எழுதுகிற இரண்டு பக்கம்கூட உனக்குப் பாரம், அவவிடம் சொல்லிவிட்டு நீ கராஜில் இருக்கிறாய். தோட்டா அவ, துவக்கு அவ, கடிதமும் அவ.

பிரதீஸ் என்ற பொடியன் வந்தால் தேத்தண்ணீர் குடிக்கலாம். மெசின் தரமாட்டேன்.

நாகேஸ்வரி


ஹமில்டன்
12 ஜூன் 2024

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

சுபோதினி எழுதுகிறேன். அக்கா என்று எழுத விரும்பினேன். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறார், அவரே கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு இங்கே கிடைக்கிற ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. ஏப்ரல் கடிதம் என் எழுத்து. சொன்னது முழுக்க அவர். கடைசிப் பந்தியை மட்டும் எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.

உங்கள் கடிதங்களை அவருக்கு நான்தான் சத்தமாக வாசிக்கிறேன், மச்சாள். அந்த "தையல்காரி" என்ற இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசித்தேன். "வடிவா வாசியும், விளங்கேல்லை" என்றார். அதையும் வாசித்தேன். நான் திருகோணமலையில் இருபத்தொரு வருடம் தையல் பழக்கினவள்தான். ஆனபடியால் பிழை ஒன்றும் எழுதவில்லை நீங்கள்.

அவர் உங்களிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் அந்தச் சத்தியத்தை இன்று மீறுகிறேன். அவருக்கு வலது கை நடுக்கம். நாங்கள் ரெஜிஸ்டர் செய்து ஆறேழு மாதத்தில் தொடங்கியது. பார்க்கின்சன் என்று டொக்டர் பெயர் சொன்னார். மருந்து குடிக்கிறார். நடக்கிறார், சாப்பிடுகிறார், எனக்கு ஏசுகிறார். பேனை பிடிக்க முடிகிற நாளும் உண்டு, முடியாத நாளும் உண்டு. துவக்கை அவரே கொண்டுபோய்க் கழகத்தில் வைத்தார், "இனி நான் தொடக்கூடாது" என்று. நான் படித்து லைசன்ஸ் எடுத்தது அதற்குப் பிறகு. அவர் செய்த தோட்டாவை வேறு ஆட்கள் சுட அவருக்கு மனம் வரவில்லை. தோட்டாவுக்கு வெடிமருந்து அளப்பது இப்போது நான். வாய் சுருட்டுவது மட்டும்தான் அவருக்கு மிச்சம். ட்ரில்லில் ஒருநாள் கை வழுக்கி விரலைக் கிழித்துவிட்டது. கையால் சுற்றுகிற மெசின் என்றால் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சுற்றலாம். அதற்குத்தான் கேட்டார்.

திவசத்துக்கு வராததன் காரணம் நான் என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் டிக்கட் பார்த்தது நான். "எள்ளும் தண்ணியும் இறைக்கேக்க கை ஆடும், அக்கா பாத்துக்கொண்டு நிப்பா" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மெசினைத் தரவேண்டும் என்று எழுதவில்லை. தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அன்புடன்
சுபோதினி


சிவமயம்
வெள்ளவத்தை
1 ஆகஸ்ட் 2024

சுபோதினிக்கு,

நான் சுகம். பதில் பிந்தியது தபாலின் பிழை இல்லை.

உன்னை நீ என்றே எழுதுகிறேன். வயதில் நான் மூத்தவள்.

சத்தியத்தை மீறியது பிழை. மீற இவ்வளவு காலம் எடுத்தது அதைவிடப் பெரிய பிழை. அவனுக்குக் கை நடுங்குகிறதை நீ ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே இருந்து அவனுக்கு "அவசரப்படாதே, மெதுவாக அமத்து" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதையும் நீதான் அவனுக்கு வாசித்திருக்கிறாய்.

சில கேள்வி கேட்கிறேன், ஒளிக்காமல் எழுது. சட்டைப் பொத்தான் அவனே பூட்டுகிறானா? சோறு கையால் சாப்பிடுகிறானா, கரண்டி கொடுத்துவிட்டாயா? கொடுக்காதே. சிந்தினால் சிந்தட்டும். நித்திரையில் கை நிற்கிறதா? அவன் ஏசினால் திரும்ப ஏசு, பேசாமல் இருந்தால் அவனுக்குப் பிடிக்காது.

உன் கடிதம் வந்து பல நாள் மெசினை எடுக்கவில்லை. பிறகு எடுத்துச் சுற்றிப் பார்த்தேன், அச்சு இறுகிக் கிடந்தது. பயறு நொறுங்கி உள்ளே போயிருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். அங்கே மஷூர் என்று ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு ஈக்கிற மெசின், ஆன்ட்டி?"

"வாயைச் சுருட்டி மூட."

"அல்லாவே, யார்ட வாய?"

"நியூசிலாந்தில ஒருத்தி இருக்கிறா."

மனிசன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காசு வாங்க மறந்துவிட்டார், நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன். இப்போது விரலால் தட்டினால் சுற்றுகிறது.

பிரதீஸ் வந்தான். நீ எழுதியது போல நல்ல பொடியன், தேத்தண்ணீர் இரண்டு தரம் குடித்தான். மெசினைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். விமான நிலையத்தில் கேட்டால் பலகாரம் செய்கிற மெசின் என்று சொல்லச் சொன்னேன். "ஆன்ட்டி, நான் உள்ளதையே சொல்லுறன்" என்றான். அப்படியானவனை நான் நம்புவேன்.

கடதாசிக் கோதை ஈரத்தில் வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் என்றால் சூடு காட்டித்தான் ஆறவிட வேண்டும், அது எவருக்கும் தெரிந்த விஷயம்.

நாகேஸ்வரி


ஹமில்டன்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் கை. ஒரு வரி ஒரு நாளாக எழுதுகிறேன். விளங்காத இடத்தை விட்டுவிடுங்கள்.

சுகமாக இருக்கிறேன் என்று இனிப் பொய் எழுதத் தேவை இல்லை. சுபோதினியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, பிறகு கதைத்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கரண்டியை எடுத்து வைத்துவிட்டா. சட்டையெல்லாம் சோறு. சந்தோஷம்தானே?

மெசின் வந்து சேர்ந்தது. மேசையில் பூட்டிவிட்டோம். பித்தளை மினுங்குகிறது. ஆனால் அக்கா, கைப்பிடி இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். பிரதீஸ் தன் தாய் மேல் சத்தியம் பண்ணுகிறான், தான் துணியைக்கூட அவிழ்க்கவில்லை என்று. மஷூர் பட்டறையில் விடுபட்டுவிட்டதா? கைப்பிடி போகிற இடத்தில் வெறும் ஓட்டை. இங்கே ஒரு பட்டறையில் புதிதாகச் செய்விக்கலாம் என்று சுபோதினி சொல்கிறா. செய்விக்கவா?

கோதெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
குலேந்திரன்


சிவமயம்
வெள்ளவத்தை
24 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் முழுக்க விளங்கியது. ஒரு இடமும் விடவில்லை.

கைப்பிடி எங்கேயும் விடுபடவில்லை. நான்தான் கழற்றி எடுத்தேன். மஷூரைத் திட்டாதே, பிரதீஸைச் சத்தியம் பண்ண வைக்காதே. பட்டறைக்கும் போகவேண்டாம், அவ செய்விக்கிறது எதுவும் அந்த ஓட்டைக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் பூட்டாதே.

போன கிழமை கொள்ளுப்பிட்டியில் விசா எடுத்துக் கொடுக்கிற முகவரிடம் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை, "ஆன்ட்டி, தனியவோ போறீங்கள்?" என்றது.

"இல்லை, கைப்பிடியோட போறன்" என்றேன். ஊன்றுகோலைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வீல்செயார் தேவை என்று எழுதிவிட்டது. விட்டுவிட்டேன். படியேறி இறங்கிக் களைத்துவிட்டேன், அங்கேயாவது யாராவது தள்ளட்டும்.

"போற நோக்கம் என்ன போட?" என்று கேட்டது.

சுட என்று வாயில் வந்தது. தம்பியைப் பார்க்க என்று போடச் சொன்னேன். இரண்டும் உண்மைதான்.

விசா நவம்பருக்குள் வரும் என்றார்கள். தரமாட்டோம் என்றால் திரும்பவும் கேட்பேன். ஜனவரியில் அம்மாவின் திவசத்தை அங்கேயே செய்வோம், ஐயர் கிடைக்காவிட்டால் நானே மந்திரம் சொல்லுகிறேன், கேட்டுக் கேட்டுப் பாடம். உன் கை ஆடட்டும். எள்ளை நான் போடுகிறேன், நீ தண்ணீரை விடு. ஆடின கையால் விட்ட தண்ணீரை அம்மா வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இப்போது கைப்பிடியின் விலையைச் சொல்கிறேன். மெசினை நான் சுற்றமாட்டேன். நான் சுற்றியது காணும், போதும். நீ இரண்டு கையாலும் பிடித்துச் சுற்று, பிழை விட்டால் அறுத்துவிட்டுத் திரும்பச் சுற்று. அவ வெடிமருந்து அளக்கட்டும். முதல் தோட்டா எனக்கு. துவக்கை என் கையில் தரவேண்டும். லைசன்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் நின்றால் விருந்தாளி சுடலாம் என்று நீ முன்பு ஒரு தரம் எழுதியிருக்கிறாய், ஆனபடியால் முடியாது என்று சொல்லாதே. அவ பக்கத்தில் நின்று, தோளில் எங்கே வைப்பது என்று காட்டலாம். காட்டிவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். தட்டு உடையாவிட்டால் அவ சிரிக்கக்கூடாது. உடைந்தால் கை தட்டவேண்டும், மற்றவர்கள் தட்டமுதல்.

தட்டை எறிகிற மெசினுக்குப் பொத்தான் இருக்கும்தானே. அதை நீதான் அமத்தவேண்டும். நான் சொல்லி நீ அமத்தக் கை நடுங்கிப் பிந்தினால் பிந்தட்டும். துவக்கைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பேன். அவவை மட்டும் அமத்த விடாதே.

உன் அக்கா
நாகேஸ்வரி